மர்பி டவுனில் இடப்பக்கம் திரும்புதல்: வரிசை மேப்பின் மிகச் சிறிய சாவி பற்றிய ஆய்வு

1. பொருள்

வரிசை மேப் என்பது சாவிகளையும் அவற்றுக்குரிய மதிப்புகளையும் சேர்த்து வைக்கும் அமைப்பு. எந்த முறையில் போட்டாலும் சாவிகள் ஒழுங்காக வரிசையில் நின்றுகொள்ளும். பெயர் சாவிதான், இதைக் கொண்டு எந்தப் பூட்டையும் திறக்க முடியாது.

பெங்களூரு அல்சூரை அடுத்த மர்பி டவுனின் மளிகைக் கடைக் கடன் நோட்டு இதற்கு நெருங்கிய உறவு. தேதி சாவி, பாக்கித் தொகை மதிப்பு. மிகச் சிறிய சாவி என்றால் மிகப் பழைய கடன். முதலில் கேட்டு வாங்க வேண்டியது. ஆனால் மேப்பில் ஒரு சாவிக்கு ஒரு மதிப்புதான். ஒரே தேதியில் இருவர் கடன் சொன்னால் பின்னவர் கணக்கு முன்னவர் கணக்கை அழித்துவிடும். இதை முன்னவர் யாரும் குறையாகச் சொல்வதில்லை.

2. வழி

ஜாவாவின் ட்ரீமேப், சாவிகளைச் சிவப்பு-கறுப்பு மரமாக அடுக்குகிறது. 1972இல் ருடால்ஃப் பேயர் வகுத்த அமைப்பிலிருந்து வளர்ந்த மரம் இது. 1978இல் கீபாஸும் செட்ஜ்விக்கும் அதற்கு இந்த நிறங்களைப் பூசினர். ஒவ்வொரு முனையிலும் சிறியவை இடப்பக்கம், பெரியவை வலப்பக்கம். ஆகவே மிகச் சிறியதைக் கண்டுபிடிக்கும் ஆணை, ஆட்டோக்காரருக்குச் சொல்வதுதான்: 'லெஃப்ட்லயே போங்க.' இனி லெஃப்ட் இல்லை என்ற இடத்தில் இறங்கிக்கொள்ளலாம். பத்து லட்சம் சாவிகள் இருந்தாலும் 40 திருப்பங்களைத் தாண்டாது.

இதே ஆணையைத் தெருவில் பின்பற்றக் கூடாது. கட்டம் கட்டமாக வெட்டிக்கொள்ளும் தெருக்களில் நான்கு முறை இடப்பக்கம் திரும்பினால், கிளம்பிய டீக்கடையே வந்து நிற்கும். மரத்தில் சுற்றுப்பாதை கிடையாது, ஒரு முனைக்குப் போக ஒரே வழி. தேடல் முடிவதற்கு அதுவே உத்தரவாதம். சி பிளஸ் பிளஸ் நூலகங்கள் இந்த நடையையும் மிச்சப்படுத்த, இடக்கோடி முனை எது என்பதைத் தனியே குறித்து வைத்துக்கொள்கின்றன.

ஜாவாவில் கேட்கும் விதமும் மூன்று. ஃபர்ஸ்ட்கீ சாவியை மட்டும் சொல்லும். ஃபர்ஸ்ட்என்ட்ரி மதிப்பையும் சேர்த்துக் காட்டும். போல்ஃபர்ஸ்ட்என்ட்ரி இரண்டையும் கொடுத்துவிட்டு மேப்பிலிருந்தே நீக்கிவிடும். நோட்டின் மொழியில்: எட்டிப் பார்த்தல், வாசித்துக் காட்டல், வசூலித்து அடித்தல்.

3. சிறியது எது

நடை சுலபம், வழக்கு அளவுகோலில். ஒரு தெருவில் 2 முதல் 12 வரை வீடுகள் இருப்பதாகக் கொள்வோம். எண்ணாகப் பதிந்தால் முதல் வீடு 2. எழுத்துச் சரமாகப் பதிந்தால் முதல் வீடு 10. ஏனெனில் சரம் முதல் எழுத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடும், 1 என்பது 2-க்கு முந்தியது. எண்களுக்கே தலைகீழ் ஒப்பீட்டைக் கொடுத்தாலோ 12ஆம் வீட்டுக்காரர் முதல்வராகிவிடுவார். யாரும் வீடு மாறவில்லை.

சரக்குப் பட்டியலில் சிக்கல் இன்னும் கூடும். தமிழ் மரபில் ஆய்த எழுத்து உயிரெழுத்துகளுக்குப் பின் வரும். யூனிகோடு அதை அகரத்துக்கும் முன்னால் உட்காரவைத்திருக்கிறது. குறியெண்ணை அப்படியே ஒப்பிடும் மேப்பிடம் கடையின் முதல் சரக்கைக் கேட்டால், அரிசியை ஒதுக்கிவிட்டு ஃபினாயிலை நீட்டும். பல மொழிப் பெயர்ப்பலகைகளைச் சேர்த்தால் ஆங்கிலம், உருது, இந்தி, தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று வரிசை அமையும். பெங்களூரில் இதை உரக்க வாசிப்பதற்கு முன், இது குறியெண் வரிசையே தவிர வேறு கோரிக்கை அல்ல என்று சொல்லிவிடுவது நலம்.

அளவுகோலும் வரலாறும் ஒத்துப்போகும் அரிய இடமும் உண்டு. மர்பி டவுனின் பழைய பெயர் நாக்ஸ்பேட்டை. இரு பெயர்களையும் தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் பழையதே சிறிய சாவி.

4. வெறுமை

காலி மேப்பில் மிகச் சிறிய சாவியைக் கேட்டால் என்ன ஆகும்? ஃபர்ஸ்ட்கீ பிழை எறிந்து நிரலையே நிறுத்தக்கூடும். ஃபர்ஸ்ட்என்ட்ரி 'நல்', அதாவது எதுவுமில்லை, என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். சி பிளஸ் பிளஸில் தொடக்கமும் முடிவும் ஒன்றாகிவிடும். அங்கே எதையாவது வாசிக்க முயன்றால் விளைவு இன்னதென்று வரையறுக்கப்படவில்லை, முகவரி தெரியாமலே வண்டியைக் கிளப்பும் ஓட்டுநரைப் போல. தவறக்கூடியது தவறியே தீரும் என்ற மர்பி விதி இங்கே பொருந்தும். ஆனால் அந்த மர்பி ஓர் அமெரிக்கப் பொறியாளர், டவுனின் மர்பி வேறு.

எனவே மேப் காலியா என்று கேட்ட பிறகே சாவியைக் கேட்பது முறை. கடன் நோட்டைப் பொறுத்தவரை இந்தச் சோதனை கோட்பாட்டளவிலேயே தேவை. காலியான கடன் நோட்டு என்பது நேற்று வாங்கிய நோட்டு.