நாலு பர்சென்ட்டை மிச்சம் பிடிப்பது எப்படி?

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ஓர் இலவசக் கையேடு

மாதம் 12,000 ரூபாய் சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், அதாவது 390 ரூபாய். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், 90 ரூபாய். 25 பேர் இருந்தால் உங்கள் கையிலிருந்து மட்டும் மாதம் 9,750 போகிறது. இதைத் தடுக்கக் கீழ்க்கண்டவற்றை வரிசை மாறாமல் செய்யவும்.

1. ஒன்பதோடு எண்ணுவதை நிறுத்துங்கள்.
பத்துப் பேர் சேர்ந்தால்தான் சட்டம் வாசலுக்கு வரும். கட்டிங் உங்கள் பெயரில், தையல் வீட்டம்மா பெயரில், செக்கிங் மச்சினன் பெயரில் இருக்கட்டும். நடுவே தகரத் தடுப்பு போதும். டீக்கேன் மட்டும் மூன்று வாங்கிவிடுங்கள். ஆய்வுக்கு வருபவர் தடுப்பைப் பார்ப்பதில்லை, கேனைத்தான் பார்ப்பார். ஒருமுறை சட்டத்துக்குள் வந்துவிட்டால் பிறகு ஆள் குறைந்தாலும் வெளியேற வழியில்லை. ஆகவே இந்த வேலையைக் கம்பெனி பூஜையன்றே தொடங்குவது உத்தமம்.

2. சம்பளத்தைத் தாளில் உயர்த்துங்கள்.
2017 முதல் இ.எஸ்.ஐ.க்கான சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாய், அதைத் தாண்டியவருக்கு இ.எஸ்.ஐ. இல்லை. கைமடிக்கும் பெண்ணுக்கு வவுச்சரில் 21,500 என்று எழுதுங்கள். சனிக்கிழமைக் கவரில் வழக்கமான பணமே போகட்டும். சம்பளம் உயர்ந்த சந்தோஷத்தை அவரிடம் சொல்ல வேண்டியதில்லை.

3. 78ஐ நெருங்க விடாதீர்கள்.
ஆறு மாதத்தில் 78 நாளுக்குப் பங்கு கட்டியிருந்தால், நோயில் படுத்தவருக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைத்துவிடும். 77ஆம் நாள் பெயரை அடித்துவிட்டு, 'ஊருக்குப் போய்விட்டார்' என்று எழுதுங்கள். அவர் அப்போது ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை.

4. பிடித்த பணத்தை மட்டும் கட்டிவிடுங்கள்.
தொழிலாளியிடம் 90 ரூபாய் பிடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் வட்டி மட்டுமல்ல, சிறையும் உண்டு. இந்தக் கையேடு நேர்மையை வற்புறுத்தும் இடம் இது ஒன்றுதான்.

5. கேள்விக்குப் பதில் தயாராக இருக்கட்டும்.
"ஏனுங் மொதலாளி, எனக்கு இ.எஸ்.ஐ. போடலீங்களா?"
"அங்க போனா நாள் பூரா வரிசைல நிக்கோணும். அந்தத் தொண்ணூறு ரூவாய்க்கு பஜ்ஜி வாங்கித் தின்னு."
வரிசை உண்மைதான். ஆனால் மருந்தகமும் டாக்டரும் பதிவான தலைக்கணக்கைப் பார்த்தே ஒதுக்கப்படுகிறார்கள் என்பதை மறந்தும் சொல்லாதீர்கள். நீங்கள் மறைத்த 25 தலை, பக்கத்து ஷெட்டுக்காரர் மறைத்த 20 தலை என்று கூட்டிக்கொண்டே போனால், நம் வீதிக்கு வராமல் போன டாக்டர் யாரால் வரவில்லை என்பது தெரிந்துபோகும்.

6. சீட்டுப் பேச்சை எடுக்காதீர்கள்.
ஏலச்சீட்டு தெரியாத தொழிலாளி இல்லை. இ.எஸ்.ஐ.யும் ஒரு சீட்டுதான், நோய் வந்தவர் எடுப்பார், தள்ளு கிடையாது என்று யாராவது விளக்கிவிட்டால் ஆபத்து. இரண்டு பங்கும் சேர்த்து மாதம் 480 ரூபாய் போகும் வீட்டில் ஒருவருக்கு இருதய ஆபரேஷன் என்றாலும் செலவுக்கு உச்சவரம்பில்லை. அந்தப் பணம் இன்னும் நோய் வராத ஆயிரம் பேர் கட்டியது. ஆள் கட்டாத சீட்டு என்ன ஆகும் என்று தீபாவளிச் சீட்டு நடத்திய உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

7. கட்டிங் மெஷினுக்குத் தேங்காய் உடையுங்கள்.
பதிவானவரின் விரல் போனால், அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளானாலும், குணமாகும்வரை 90 சதவீதச் சம்பளம் இ.எஸ்.ஐ. தரும். பதிவாகாத விரலின் கணக்கு எந்த வழியாகச் சுற்றி வந்தாலும் உங்களிடம்தான் வசூலாகும். பத்து வருஷம் மிச்சம் பிடித்த 390கள் ஒரே மாலையில் தனியார் ஆஸ்பத்திரி கவுன்டரில் கரையும். எனவே பெரிய தேங்காயாக வாங்கவும்.

8. பீரோவைப் பூட்டுங்கள்.
திருப்பூரில் இன்றைய முதலாளிகள் பலர் நேற்றைய டெய்லர்கள். பட்டுப் புடவைகளுக்கு அடியில் ஒரு பழைய இ.எஸ்.ஐ. அட்டை கிடக்கும், நீங்கள் பவர் டேபிளிலும் வீட்டம்மா செக்கிங்கிலும் இருந்த காலத்து அட்டை. மூத்தவள் பிறந்தது சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில். 12 வாரம் வேலைக்குப் போகாமலே சம்பளம் வந்தது. இப்போது 26 வாரம். கம்பெனிக் கணக்கை இன்று பார்ப்பவள் அவள்தான், கண்ணில் பட்டால் கேள்வி கேட்பாள். அன்று முதலாளி பங்கு 3.25 இல்லை, 4.75 சதவீதம், 2019 ஜூலையில்தான் குறைந்தது. ஆனாலும் உங்கள் முதலாளி மாதம் தவறாமல் கட்டினார்.

பாவம், அவருக்கு இந்தக் கையேடு கிடைக்கவில்லை.