கீழே கொட்டப் போகிற எண்ணெய்

மரம் அறுக்கிற மெஷினில் இரண்டு மூடிகள் உண்டு. ஒன்று பெட்ரோலுக்கு, இன்னொன்று செயினுக்குப் போகிற எண்ணெய்க்கு. முதல் மூடியைத் திறக்கும்போது எல்லோருக்கும் கவனம் இருக்கிறது. பெட்ரோலோடு டூ-டி ஆயிலை அளந்து கலக்கிறார்கள், துணி வைத்து வடிகட்டி ஊற்றுகிறார்கள். இரண்டாவது மூடிக்குள் கையில் கிடைத்தது போகிறது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தென்னந்தோப்புகளில் நான் பார்த்தவரை அது லாரியிலோ டிராக்டரிலோ வடித்த வேஸ்ட் ஆயில். ஒர்க்‌ஷாப்பில் கேனைக் கொண்டுபோய் நீட்டினால் சும்மாவே ஊற்றிக் கொடுப்பவர்களும் உண்டு.

என் அப்பா அறுப்புக்காரர். குழி வெட்டி, குறுக்குக் கட்டைகள் போட்டு, அதன்மேல் மரத்தை ஏற்றி, கரிக்கயிற்றால் நூல் அடித்து அறுக்கிற காலம். அப்பா மேலே, பெரியப்பா குழிக்குள். வேம்போ பலாவோ அறுக்கும்போது பிசின் ஏறி ரம்பம் இறுகும். உடனே மேலேயிருந்து ஒரு குரல் வரும்: “நிறுத்துண்ணே.” பக்கத்தில் கொட்டாங்குச்சியில் விளக்கெண்ணெய் இருக்கும். அதில் ஊறிய துணிச்சுருளை எடுத்துத் தகட்டின் இரண்டு பக்கமும் ஒரு தடவு தடவுவார். பிசின் முற்றிப் போயிருந்தால் கொஞ்சம் மண்ணெண்ணெய். அந்த ஒரு கொட்டாங்குச்சி எண்ணெய் பெரிய மரம் ஒன்றை முடிக்கும்வரை வரும். தரையில் ஒரு சொட்டுகூட விழாது, விழுகிற அளவுக்கு ஊற்றுவதும் இல்லை.

குழியில் சேர்ந்த தூளை அம்மா சாக்கில் அள்ளி வருவார். தகர டின் அடுப்பின் நடுவில் பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இடித்து இடித்து அடைத்து, பாட்டிலை மெல்லத் திருகி உருவுவார். ஒருமுறை அடைத்தால் சோறும் குழம்பும் ஆகி, வெந்நீரும் காய்ந்துவிடும். மிஞ்சிய தூள் மாட்டுக் கொட்டகைக்குப் போகும். சாணியோடு எருக்குழியில் சேர்ந்து, மறுபடி வயலுக்கு வரும்.

மெஷின்கள் முன்பே இங்கே ஒன்றிரண்டு வந்திருந்தன. ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்த பிறகுதான் அவை இல்லாமல் முடியாது என்றாயிற்று. தோப்புகளில் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன. நடக்க வழியில்லை. விழுந்த மரத்தை அப்படியே விட்டுவைக்கவும் முடியாது. அழுகுகிற தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். தப்பித்து நிற்கிற மரங்களின் குருத்தையும் அது துளைத்துவிடும். கோடாலியோடும் ஆள் ரம்பத்தோடும் அந்த வேலையைச் செய்ய நினைத்திருந்தால் பல வருஷம் ஆகியிருக்கும்.

இந்த மெஷினின் பல்லுக்கும் ஒரு வண்டுதான் காரணம். 1946இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் பஃபோர்ட் காக்ஸ் என்ற மரம் வெட்டுபவர், ஒரு வண்டின் புழு அடிமரத்தை இடவலமாகக் குடைந்து போவதைக் கூர்ந்து பார்த்தார். அதன் தாடைகளின் வளைவை வைத்து ஒரு செயினைச் செய்து, மறு ஆண்டே அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று உலகம் முழுக்க ஓடுகிற செயின்களின் பல் அந்த வழியில் வந்தது. பழைய ரம்பப் பல் மரத்தைச் சுரண்டித் தூளாக்கும். இது செதுக்கிச் சீவலாகத் தள்ளுகிறது. மெஷின் மாவுபோலத் தள்ளினால் பல் மழுங்கிவிட்டது என்று பொருள்.

அத்தனை வேகமாகச் செதுக்குகிற செயினுக்கு எண்ணெய் உயிர்நாடி. செயினைத் தாங்குகிற நீளத் தகட்டைப் பார் என்பார்கள்; அதன் விளிம்பில் ஒரு காடி ஓடுகிறது. செயின் அதற்குள் உட்கார்ந்து விநாடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் ஓடுகிறது. உள்ளே இருக்கிற சின்ன பம்ப் எண்ணெயைப் பாரின் துளை வழியாகக் காடிக்குள் தள்ளும். செயின் அதை இழுத்துக்கொண்டு முனைவரை போகும். அங்கே திரும்பும்போது எண்ணெய் வெளியே தெறித்துவிடும். கார் எஞ்ஜினில்போல அது திரும்பி வந்து சேர்வதே இல்லை. ஊற்றிய எண்ணெய் கடைசிச் சொட்டு வரை சீவலிலும் மண்ணிலும் அறுப்பவனின் சட்டையிலும்தான் போய்ச் சேர்கிறது. பெட்ரோல் ஒரு தொட்டி தீரும்போது செயின் எண்ணெயும் ஏறக்குறைய ஒரு தொட்டி தீர்ந்திருக்கும். நாள் முழுக்க ஓடுகிற மெஷினில் அது லிட்டர் கணக்கு.

எங்கள் தோப்புக்கு வருகிற பையன் ஒன்றுவிட்ட அண்ணன் மகன். கை சுத்தமான வேலைக்காரன். அவனிடம் ஒருநாள் கேட்டேன்.

“வேஸ்ட் ஆயில்தான் சித்தப்பா. எப்படியும் கீழ கொட்டப் போற எண்ணெய். அதுக்கு எதுக்குக் காசு போட்டுப் புதுசு?”

“கீழ கொட்டப் போறதுனாலதான்டா புதுசு வேணும்.”

அவன் என்னை நம்பியதாகத் தெரியவில்லை. பாரைக் கழற்றச் சொன்னேன். காடிக்குள் கறுப்பு மசி கெட்டியாக அப்பியிருந்தது. எண்ணெய்த் துளை பாதிக்கு மேல் அடைந்திருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தால் நறநறவென்றது. எஞ்ஜினில் தேய்ந்து வந்த இரும்புப் பொடியும் புகைக்கரியும் அதில் கலந்தே இருக்கும். தேய்மானத்தைத் தடுக்க ஊற்றுகிற எண்ணெயே பம்பையும் காடியையும் தேய்க்கிறது. பாரின் விளிம்பு ஒரு பக்கம் நீலம் பாய்ந்திருந்தது. எண்ணெய் போதாமல் சூடு ஏறிய அடையாளம் அது. ஒரு பாரும் செயினும் வாங்குகிற காசில் எத்தனை லிட்டர் நல்ல எண்ணெய் வரும் என்று அவனையே கணக்குப் போடச் சொன்னேன்.

காசுக் கணக்கைவிட எனக்குக் கவலை அவன் உடம்பைப் பற்றித்தான். பழைய எஞ்ஜின் எண்ணெயில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. அது சாரலாகத் தெறித்து முகத்திலும் கையிலும் மணிக்கணக்கில் படிகிறது. மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு விதிகள் இந்த எண்ணெயை அபாயகரமான கழிவு என்றே வகைப்படுத்தியிருக்கின்றன. அதைத்தான் கிணற்றடியிலும் வாய்க்கால் கரையிலும் நாம் தெளித்துக்கொண்டிருக்கிறோம். அந்தச் சீவலை மாட்டுக் கொட்டகைக்கு எடுத்துப் போக எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் கட்டுப்படியாகிற விலையில் எதை ஊற்றுவது? செயினுக்கென்றே விற்கிற எண்ணெயில் பிசுபிசுப்புக்கு ஒரு பொருள் சேர்த்திருப்பார்கள். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துப் பிரித்தால் நூல் இழுக்கும். அந்தப் பிசுபிசுப்பு இருந்தால் எண்ணெய் சட்டென்று தெறித்துப் போகாமல் செயினோடு ஒட்டி ஓடும். அதற்குக் காசு போதாதென்றால் டிராக்டர்காரர்கள் வாங்குகிற 20டபிள்யூ40 எண்ணெய், புதியது, நம் வெயிலுக்குப் போதுமான கனத்தில் இருக்கிறது. நூல் இழுக்காது, அதனால் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். ஆனால் சுத்தம். எதை ஊற்றினாலும் ஒரு சோதனை உண்டு. பாரின் முனையை வெட்டிய அடிக்கட்டையின் வெள்ளைப் பரப்புக்கு நேரே, தொடாமல் பிடித்து, மெஷினை முடுக்க வேண்டும். கட்டையில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழுந்தால் சரி. விழாவிட்டால் அறுக்கக் கூடாது.

வீட்டு எண்ணெய்களைப் பற்றியும் கேட்கிறார்கள். தேங்காய் எண்ணெய் எளிதில் பிசினாகாது, ஆனால் மெல்லிசு. கொடைக்கானல் குளிரில் தொட்டிக்குள்ளேயே உறைந்துவிடும். சூரியகாந்தி, நல்லெண்ணெய் தினமும் ஓடுகிற மெஷினுக்கு ஒத்துவரலாம். ஒரு மாதம் சும்மா வைத்தால் செயின் கண்ணிகள் ஒட்டிக்கொள்ளும். பலகாரம் சுட்ட எண்ணெய் வேண்டவே வேண்டாம். விளக்கெண்ணெய் ரம்பத் தகட்டுக்குச் சரி, சின்ன பம்புக்கு அது மிகக் கனம். மெல்லிசாக்கலாம் என்று எஞ்ஜின் எண்ணெயோடு கலந்தாலும் இரண்டும் சரியாகச் சேராது.

ஆஸ்திரியாவில் 1990இலேயே ஆணை போட்டு, மண்ணில் மக்காத எண்ணெயைச் செயின் ரம்பத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுத்துவிட்டார்கள். ஐரோப்பாவில் பல இடங்களில் இப்போது கடுகு இனத்து விதை எண்ணெயில் செய்த செயின் ஆயிலை ஊற்றுகிறார்கள். சட்டம் எதுவும் சொல்லாத காலத்திலேயே இங்கே செடி எண்ணெயைச் சொட்டுக் கணக்கில் தடவியவர்கள் இருந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் கையில் அதைவிடப் பல மடங்கு வேகமான கருவியும் லாரியின் கழிவும் வந்து சேர்ந்திருக்கின்றன. இது எனக்கு வருத்தம்தான். அதற்காக அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். நாள் கூலியில் ஓடுகிறவன், வேலைக்கு முன்பே ஒரு கேனுக்குக் காசு போட அவனால் ஆகாது.

அதனால் கேனைத் தோப்புக்காரர்தான் வாங்க வேண்டும். பெட்ரோலுக்குத் தனியாகக் காசு கொடுக்கத் தயங்காதவர்கள் எண்ணெய்க்கும் கொடுக்கலாம். அது விழப்போவது அவர்கள் மண்ணில். எங்கள் தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து பெரிய கேனாக வாங்கி மோட்டார் கொட்டகையில் வைத்திருக்கிறோம். யார் தோப்பில் மெஷின் ஓடினாலும் அதிலிருந்துதான் ஊற்ற வேண்டும். அந்தப் பையன் இப்போது பாரைக் கழற்றித் துளையைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்த பிறகே தொட்டியை நிரப்புகிறான். பக்கத்து ஊரில் வேலைக்குப் போகும்போதும் அங்கே எண்ணெய் வாங்கி வைக்கச் சொல்லி முந்தின நாளே போன் பண்ணிவிடுகிறானாம்.