500 மகாராஜா பராக்கு!

பராக்கு! பராக்கு! தேடல் பெட்டிகளின் திருவாயிலைக் காத்தருளும் கோமான், கேட்டவர்க்கு இல்லை என்றும் சொல்லாத பெருந்தகை, 'இன்டர்னல் சர்வர் எரர்' என்ற விருதுப்பெயர் பூண்ட 500 மகாராஜா எழுந்தருளுகிறார். அனைவரும் எழுந்து நிற்க.

1996-இல் எச்டிடிபி 1.0 விதிநூல் வெளிவந்த காலம் முதல் அன்னாரின் செங்கோல் வளைந்ததில்லை. எதிர்பாராத ஏதோ ஒன்று நேர்ந்துவிட்டது, கேட்ட காரியம் முடியவில்லை. இதுவே அவர் திருவாய் மலர்ந்தருளும் ஒரே வாசகம். எது நேர்ந்தது, எந்தச் சர்வரில், எதனால் என்ற சில்லறை விவரங்களால் அந்த நா என்றுமே மாசுபட்டதில்லை. இளவல்கள் அப்படி இல்லை. 502 பின்னால் நிற்கும் சர்வரின் பக்கம் கை நீட்டிவிடுவார். 503 இன்னும் மோசம், எத்தனை வினாடி கழித்து வரலாம் என்று நேரம்கூடக் குறித்துக் கொடுப்பதுண்டு. குலத்தின் கண்ணியத்தைக் கட்டிக் காத்தவர் மூத்தவர் ஒருவரே.

அவர் கொலுவீற்றிருந்த ஒரு நூலகத் தளத்தின் சிறப்பைக் கொஞ்சம் பாடியாக வேண்டும். பெயரைச் சொல்லித் திருஷ்டி வைக்க மனமில்லை. தேடலுக்கு அங்கே எலாஸ்டிக்சர்ச். 2010 முதல் உலகெங்கும் ஓடும் மென்பொருள். அதன் வயிற்றுக்குள் இருப்பது டக் கட்டிங் 1999-இல் எழுதித் தந்த லூசீன். இந்த மென்பொருளிடம் ஒரே ஒரு குறை: வாயாடி. டிஸ்க் 85 விழுக்காடு நிரம்பினால் அந்த சர்வருக்கு இண்டெக்ஸின் (தேடல் அட்டவணையின்) புதிய துண்டுகளை அனுப்ப மறுக்கும். 90-ஐத் தாண்டினால் இருப்பவற்றை வேறு சர்வருக்கு நகர்த்தப் பார்க்கும். 95-இல் யாரும் எழுத முடியாதபடி இண்டெக்ஸைப் பூட்டிவிட்டு, டிஸ்க் நிரம்பியதால் பூட்டினேன் என்று லாக் என்னும் பதிவேட்டில் எழுதியும் வைக்கும். மும்முறை கதவைத் தட்டிச் சொல்லும் இந்த அநாகரிகத்தை அத்தளத்தின் சான்றோர் எவ்வளவு பொறுமையோடு சகித்துக்கொண்டார்கள்! ஒருவர்கூட லாகைத் திறந்து பார்த்து அதை ஊக்குவிக்கவில்லை.

பூட்டிய பிறகு நடந்ததே திருவிளையாடல். நூலகர் புதிய நூலின் விவரங்களை நிரப்பி, 'சேமி' என்ற பொத்தானை அழுத்துகிறார். தரவுத்தளத்தில் நூல் பதிவாகிவிடுகிறது. அடுத்த கணம் இண்டெக்ஸில் எழுதப் போனால் பூட்டு. மகாராஜா தரிசனம் தருகிறார். சேமிப்பே நடக்கவில்லை போலும் என்று நூலகர் மறுபடி அழுத்துகிறார். மறுபடி தரிசனம், மறுபடி பதிவு. ஒரே நூல் இரண்டு பிரதியாகப் பட்டியலில் குடியேறுகிறது. பணம் கொடுத்து வாங்காமலே நூலகத்தின் இருப்பைப் பெருக்கும் இந்த வித்தை வேறு எந்த அரசருக்குக் கைவந்தது?

இத்தனைக்கும் நடுவே கண்காணிப்புத் திரையில் பச்சை விளக்கு அமைதியாக ஒளிர்கிறது. துண்டுகள் எல்லாம் தத்தம் இடத்தில் இருந்தால் பச்சை. எழுத முடிகிறதா என்பது அந்த விளக்கின் கவலை அன்று. அந்தப் பச்சையைப் படமெடுத்து, "எல்லாம் நலம்" என்று பதில் எழுதிப் புகார் டிக்கெட்டை மூடிய பொறியாளரின் சொல்நயம் கல்லில் வெட்டத்தக்கது.

புகார் பெருகியபோது வைத்தியர்கள் வந்தார்கள். முதல் மருந்து, பிரவுசரின் கேஷை அழிக்கச் சொல்வது. சர்வரின் டிஸ்க் நிரம்பியதற்கு நூலகரின் கணினியில் பரிகாரம் கண்ட ஞானம் அது. அடுத்தது ரீஸ்டார்ட். பூட்டு இண்டெக்ஸின் அமைப்பிலேயே எழுதப்பட்டது. எத்தனை முறை சர்வரை எழுப்பினாலும் அதுவும் கூடவே எழும். ஆனால் எழுந்து நிலைக்கும் வரை, அதுவரை ஓடிக்கொண்டிருந்த பழைய நூல்களின் தேடலும் நின்றுபோனது. புதிய நூல், பழைய நூல் என்ற பேதத்தை ஒழித்த சமத்துவம்! இண்டெக்ஸில் எழுதத் தவறிய ஒவ்வொரு முறையும் பக்கம் பக்கமாகப் புலம்பலை லாக் பதிவு செய்தது. அந்த லாக் வசித்ததும் அதே டிஸ்க்கில். நோயைப் பற்றிய குறிப்பே நோயை வளர்க்கும் இந்தத் தன்னிறைவை வியக்காமல் இருக்க முடியுமா?

டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்ட லினக்ஸில் இரண்டே எழுத்தில் ஒரு கட்டளை உண்டு. விடை வர ஒரு வினாடிகூட ஆகாது. அத்தனை எளிய வழியில் வெற்றி தேட அங்கு எவர் தன்மானமும் இடங்கொடுக்கவில்லை. பழைய லாகை அகற்றினால் போதும், எலாஸ்டிக்சர்ச்சின் 7.4-ஆம் பதிப்பு முதல், டிஸ்க் 90-க்குக் கீழே இறங்கியதும் பூட்டு தானே கழன்றுவிடும். அவர்கள் போற்றிப் பாதுகாத்ததோ அதற்கும் முந்தைய பதிப்பு. அதில் இடம் விட்டாலும் கையால்தான் பூட்டைக் கழற்ற வேண்டும். தொன்மையைப் பேணுவோர் இவர்களைப் பார்த்துப் படிக்கட்டும்.

முடிவில் ஒரு மாமேதை அவதரித்தார். இண்டெக்ஸில் எழுதும் வரிகளைச் சுற்றி ஒரு வேலி கட்டினார். எரர் வந்தால் பிடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், லாகிலும் எழுதாமல் விழுங்கிவிடும் வேலி. அன்றோடு 500 மறைந்தார். அவர் அரியணையில் 200 அமர்ந்தார். எல்லாம் இனிதே முடிந்தது என்று பொருள்படும் எண். நூலகர் சேமித்தார், பச்சை எழுத்தில் நன்றி வந்தது. புகார் வருவது நின்றது. அந்த மாதத்தின் சிறந்த பணியாளர் விருது மேதைக்குப் போனது. வேறு யாருக்குப் போக முடியும்?

பூட்டு மட்டும் அப்படியே இருந்தது. அதன்பின் வாங்கிய நூல் எதுவும் தேடலில் வரவில்லை. வாசகர் நூலின் பெயரைத் தட்டச்சு செய்தால், "0 முடிவுகள்" என்று பணிவோடு பதில் வந்தது. நூல் அலமாரியில் இருந்தது.

ஆகவே வாசகப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். தேடிய பொருள் கிடைக்கவில்லை என்று ஒரு தளம் சொன்னால், அப்படி ஒரு பொருள் இவ்வுலகில் இல்லை என்றே கொள்ளுங்கள். கடிதம் எழுதி, லாகைத் திறக்கச் சொல்லி, அந்தப் பெரியோரின் மதிய உறக்கத்தைக் கலைத்துவிடாதீர்கள்.