நுரை மாப்ள

சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணி. நாமகிரிப்பேட்டை பஸ் ஸ்டாப்பில் ஒரு ஆள் நிற்கிறார். தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில். வாயில் வெற்றிலை இல்லை, பாக்கு இல்லை. எதிர்க்கடைக்காரர் நீட்டுகிற டீயையும் கும்பிட்டு மறுக்கிறார். யாரப்பா அது என்று கேட்டால் கடைக்காரரே சொல்லுவார்: "நம்ம நுரை மாப்ளைங்க. பெங்களூருல இன்னிக்கு ஏதோ புதுசா ரிலீஸாம்."

ரிலீஸ் ஆகிறது படமல்ல, பீர்.

அப்பா அம்மா வைத்த பேர் வேறு. கொரோனாவுக்குப் பிறகு கம்ப்யூட்டர் வேலையை மடியில் தூக்கிக்கொண்டு சொந்த ஊருக்கே வந்துவிட்டவர். எனக்கு மாப்பிள்ளை முறை. ஊர் அவரை முதலில் குடிகாரர் கணக்கில்தான் சேர்க்கப் பார்த்தது, முடியவில்லை. குடிகாரர் என்றால் நம்மூரில் ஒரு இலக்கணம் உண்டு. சலம்ப வேண்டும், வேட்டி நழுவ வேண்டும், பங்காளித் தகராறு ஒன்றையாவது கிளறிவிட வேண்டும். இவர் மாதத்துக்கு நாலு கிளாஸ் குடித்துவிட்டு அதைப் பற்றி நாற்பது மணி நேரம் பேசுகிறார். கால் பின்னுவதில்லை. "சலம்பாதவன் எதுக்குக் குடிக்கிறான்?" என்று ஊர் பெரியவர் ஒருவர் கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. அன்றைக்குத்தான் நுரை மாப்ள என்று பேர் விழுந்தது.

ஒருமுறை ராசிபுரத்தில் பீர் வாங்க வரிசையில் நின்றார். நானும் போயிருந்தேன், துணைக்கு மட்டும். அவர் முறை வந்ததும் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து, லேபிளைச் சுற்றிச் சுற்றித் தேதி தேடினார். "எப்ப போட்டதுங்க? வெயில்ல வச்சீங்களா, நிழல்ல வச்சீங்களா?" விற்கிறவர் பொறுமைசாலி, "போன மாசம்தாங்க" என்றார். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "ஏனுங்க, முகூர்த்தத் தேதியா பாக்கறீங்க? வாங்கிட்டு நகருங்க."

அவர் நகர்ந்தார், வாங்காமலே. ஹாப்ஸ் பூவின் கசப்புச் சத்தில் வெளிச்சம் பட்டால் பீருக்கு ஒரு கெட்ட வாடை வந்துவிடுமாம். பாட்டிலைப் பழுப்புக் கண்ணாடியில் செய்வது அதற்காகத்தான் என்று திரும்பி வருகிற வழியெல்லாம் பாடம் நடத்தினார். விஷயம் உண்மைதான். ஆனால் சித்திரை வெயிலில் மொபெட்டின் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்க வேண்டிய உண்மை அல்ல.

இதில் ஊருக்கு ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. ராஜாஜி முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது எங்கள் சேலம் மாவட்டத்தில், 1937 அக்டோபர் 1-ஆம் தேதி. நாமக்கல் அப்போது சேலத்துக்குள் அடக்கம். தனி மாவட்டமானது 1997-ல். ஆக, அக்டோபர் என்றால் எங்கள் பக்கத்துக்குச் சரித்திரப்படி கடை சாத்துகிற மாசம். மாப்பிள்ளைக்கோ அக்டோபர்தான் மார்கழி. மியூனிக் நகரத்து அக்டோபர்ஃபெஸ்ட் பற்றி டீக்கடையில் அவர் சொன்ன கதாகாலட்சேபத்தை நானும் கேட்டேன். 1810-ல் பவேரியா இளவரசர் லுட்விக்கின் கல்யாணத்துக்கு எடுத்த விழா, குதிரைப் பந்தயமெல்லாம் நடந்தது, அது இன்றைக்கு வரைக்கும் தொடர்கிறது, இப்போது செப்டம்பரிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள்.

"செப்டம்பர்ல ஆரம்பிச்சா எதுக்கு அக்டோபர்னு பேரு?" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

"தீவாளிப் பலகாரத்தைத் தீவாளியன்னிக்கா சுடறீங்க?" என்றார் மாப்பிள்ளை. அன்றைக்கு டீக்கடையில் அவருக்கு ஒரு மரியாதை வந்தது. ஒரு வாரம் தாங்கியது.

அவர் இவ்வளவு தூரம் போய்க் குடிப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும். அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றுகிற சின்னச் சாராயக்கூடம், அவர் பாஷையில் மைக்ரோ ப்ரூவரி (சாராயக்கூடம் என்று சொன்னால் இரண்டு நாள் பேச மாட்டார்), தமிழ்நாட்டில் இல்லை. பெங்களூரில் பதினைந்து வருஷமாகத் தெருவுக்குத் தெரு முளைத்துவிட்டது. 2010-ல் இந்திராநகரில் ஆரம்பித்த டாய்ட்டின் பேரைச் சொல்லும்போது மாப்பிள்ளை செருப்பைக் கழற்றாததுதான் பாக்கி. அங்கே ஊற்றுவது சூடு காட்டிப் பதப்படுத்தாத பீர். குளிர் விட்டால் குணம் மாறிவிடும். அதனால் ஊருக்குக் கொண்டுவர முடியாது, கொண்டுவர நினைத்தால் சட்டமும் சும்மா விடாது. விளைவு, அவர் புகழ்கிற எதையும் ஊரில் ஒருத்தரும் ருசி பார்த்ததில்லை. புராணம் சொல்கிறவருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

அவர் கொண்டுவருவது கிளாசுக்கு அடியில் வைக்கிற அட்டை வட்டுகள் மட்டும். ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி, பீரின் பேர், பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதி அலமாரியில் அடுக்கியிருந்தார். அவர் அம்மா அதிலிருந்து நாலை எடுத்து மோர்ச்சொம்புக்கும் பால் பாத்திரத்துக்கும் மூடியாகப் போட்டுவிட்டார். அளவு அத்தனை கச்சிதம். நான் போனபோது மோர் கொடுத்தார்கள். சொம்பின் மேலே "ஸ்டவுட், காப்பி வாசம், 8.5" என்று இருந்தது. ஊற்றிக் குடித்தேன். எட்டரை நியாயம்தான்.

போன வருஷம் மாம்பழ பீர் ரிலீஸுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அதுதான் நான் அவரோடு போன முதல் யாத்திரை. விரதம் முந்தின நாளே ஆரம்பித்துவிட்டது. "மாமா, இன்னிக்குப் பூண்டு வேண்டாம். நாளைக்கு வெத்தலை வேண்டாம். நாக்கு சுத்தமா இருக்கணும்." சபரிமலைக்கு மாலை போட்டபோதுகூட என் நாக்கு அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. ராசிபுரம் போய், சேலம் போய், பெங்களூர் பஸ் ஏறினோம். தொப்பூர்க் கணவாய் தாண்டுகிற வரைக்கும் பட்டினி. கிருஷ்ணகிரியில் பஸ் நின்றபோது மிளகாய் பஜ்ஜி வாசனை ஜன்னல் வழியாக வந்து என் சட்டையைப் பிடித்தது. மாப்பிள்ளை என் தொடைமேல் கை வைத்து அழுத்தினார். தயிர்சாதப் பொட்டலம் நீட்டினார். ஊறுகாய் இல்லை.

கடைக்குள் போனால் தாமிரத் தவலைகள் மாதிரி பெரிய பெரிய கொப்பரைகள் கண்ணாடிக்குப் பின்னால் மின்னுகின்றன. கல்யாண வீட்டுச் சமையல்கட்டை ஷோகேஸில் வைத்த மாதிரி இருந்தது. விலைப்பட்டியலை அவர் என் கையில் கொடுக்கவே இல்லை. மாமன் நெஞ்சு தாங்காது என்று தெரிந்த பிள்ளை.

முதலில் ஒரு பலகை வந்தது. பலகையில் குழி வெட்டி ஆறு குட்டிக் கிளாஸ். கோயிலில் தீர்த்தம் கொடுக்கிற அளவைவிடக் கொஞ்சம் தாராளம், அவ்வளவே. நான் முதல் கிளாஸைத் தூக்கி ஒரே மடக்காகக் குடித்துக் கீழே வைத்தேன். மாப்பிள்ளை முகத்தில் ஒரு துக்கம் வந்து போயிற்று. கச்சேரியில் வர்ணம் முடிவதற்குள் எழுந்து போனவரைப் பார்க்கிற முகம்.

பிறகு சொல்லிக்கொடுத்தார். சாய்த்துப் பிடிக்க வேண்டும், நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும், மூக்கை உள்ளே விட வேண்டும். "இது ஹெஃபவைசன் மாமா, ஜெர்மன் கோதுமை பீர். என்ன வாசம் வருது?"

"வாழைப்பழம் மாதிரி இருக்குது மாப்ள."

அவர் கண் கலங்கிவிட்டது. மேசையைத் தட்டினார். "பழம் ஒண்ணும் போடறதில்லீங்க மாமா! ஈஸ்ட் புளிக்கறப்பவே அந்த வாசத்தை உண்டு பண்ணுது. வாழைப்பழத்துல என்ன சத்து மணக்குதோ அதே சத்து. ஐசோஅமைல் அசிடேட்!"

வினை அங்கேதான் ஆரம்பித்தது. கொல்லிமலை அடிவாரத்தில் பிறந்தவனிடம் வாழைப்பழ வாசம் என்று மொட்டையாகச் சொன்னால் விட முடியுமா? நான் மறுபடி மோந்து பார்த்துக் கற்பூரவல்லி என்றேன். அவர் ரஸ்தாளி என்றார். கற்பூரவல்லியில் ஒரு தேன் காரல் உண்டு, அது இதில் இருக்கிறது என்றேன். அது காரல் இல்லை, கிராம்பு வாசம், அதுவும் ஈஸ்ட் கொடுப்பதுதான் என்றார். அரை மணி நேரம் போனது. கிளாஸ் எடுக்க வந்த பையன் இரண்டு தடவை வந்து பார்த்துத் திரும்பிப் போனான். மூன்றாவது தடவை அவனைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டோம். அவன் அசாம்காரன். மோந்து பார்த்தான். சிரித்தான். அவர்கள் ஊர் வாழைப்பழம் ஒன்றின் பேர் சொன்னான்.

இந்தக் கலவரத்தில் மாம்பழ பீர் ரிலீஸ் நேரம் தாண்டியே விட்டது. கொண்டுவந்து வைத்தபோது மாப்பிள்ளை பவ்யமாக, "எந்த மாம்பழம்?" என்று கேட்டார். அல்போன்சா என்றார்கள். அவர் பேசவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏன் மாப்ள, சேலத்துல மாம்பழமே இல்லையா? பெங்களூராங்கற பேர்லயே நம்மகிட்ட ஒரு ரகம் இருக்குது. கிளிமூக்கு! அதைப் போட மாட்டாங்களா?"

மாப்பிள்ளை போனை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். மதிப்பெண் 6 என்று பிற்பாடு தெரிந்தது. என் பேச்சால் ஒன்றரை குறைந்ததாம்.

இவருக்கு வீட்டில் ஒரே ஒரு மாணவர்தான் வாய்த்தார், அப்பாரு, அதாவது அவர் தாத்தா. எண்பதைத் தாண்டியவர், காது பாதி கேட்கும். பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் பக்கம் லாம்பிக் என்று ஒரு பீர், ஈஸ்ட்டைப் போடாமல் திறந்து வைத்து, காற்றில் வருகிற ஈஸ்ட்டிலேயே புளிக்க விடுவார்கள், உலகத்திலேயே அபூர்வம் என்று ஒருநாள் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார் மாப்பிள்ளை.

"எங்க கலயத்துக்கும் காத்துதானே சாமி வந்துச்சு" என்றார் அப்பாரு.

மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். கள்ளுக்கடை 71-ல் திறந்தது, நடுவில் மூடியது, 81-ல் மறுபடி திறந்து 1987 ஜனவரி 1-ஆம் தேதியோடு ஒரேயடியாகப் போனது. அந்த இடைவெளிகளில் வாழ்ந்தவர் அப்பாரு. மடை திறந்தது. கரட்டு ஓரத்துப் பனை ஒரு ருசி, வாய்க்கால் ஓரத்துப் பனை ஒரு ருசி. வாய்க்கால் மரத்தது தண்ணி குடித்துச் சப்பென்று இருக்கும். வெயில் ஏறுவதற்குள் குடித்தால் இனிப்பு, உச்சிப்பொழுதில் புளிப்பு, சாயங்காலம் சுருக்கென்று ஏறும். எந்த மரத்துக் கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற ஆள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்களாம். "நான் அஞ்சாவது" என்றார்.

மாப்பிள்ளை மளமளவென்று போனில் எழுதிக்கொண்டார். நானும் சும்மா இராமல், பெரும்பாணாற்றுப்படையிலேயே வீட்டில் சமைத்த தோப்பி பற்றி வருகிறது, நெல்லில் செய்த கள் என்று உரைகாரர் சொல்கிறார் என்று எடுத்துக் கொடுத்தேன். தமிழ் வாத்தியாராக இருந்தவனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அதுதான் நான் செய்த தப்பு.

மறுவாரம் ஐந்து கிலோ வாற்கோதுமை வந்து இறங்கிவிட்டது.

காய்ச்சுவது குற்றம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். "நான் காய்ச்சப் போறதில்லீங்க மாமா. மால்ட் மட்டும் பண்ணிப் பாக்கறேன். தானியத்தை ஊற வச்சு, முளை கட்டி, காய வைக்கிறதுக்கு எந்தச் சட்டத்துல தடை?" பவேரியாவில் 1516-ல் போட்ட சட்டப்படி பீருக்கு வாற்கோதுமை, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றுதான், அந்தச் சட்டத்தில் ஈஸ்ட்டின் பேரே இல்லை, ஆகவே நானும் முதல் பொருளோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று ஒரு வக்கீல் வாதமும் வைத்தார். ஈரச் சாக்கில் மூன்று நாள். பிள்ளைப் பேறு பார்க்கிற மாதிரி ராத்திரியில் எழுந்து எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாக வேர் விட்டது. களத்தில் காயப் போட்டார்.

களம் யாருடையது? என் மச்சானுடையது, அதாவது மாப்பிள்ளையின் அப்பாவுடையது. அது மஞ்சள் காய்கிற களம். மஞ்சள் வேகவைத்துக் கொட்டியிருந்த நேரம், வருகிற செவ்வாய்க்கிழமை ஏலம். மச்சான் ஒரு விரலியை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒடித்தார். 'டக்' என்றது. உள்ளே செக்கச் செவேலென்று நிறம். இன்னொன்றை ஒடித்தார், சத்தம் அமுங்கி வந்தது. "இன்னும் ரெண்டு வெயிலு வேணும்" என்றார். மோந்தார், நுனியைக் கடித்தார், துப்பினார். விரலி, உருண்டை, பனங்காலி என்று அவர் கை தானாகப் பிரித்துக்கொண்டே போனது.

மாப்பிள்ளை என் பக்கம் குனிந்து, "பாத்தீங்களா மாமா? இதுக்குப் பேருதான் டேஸ்டிங்" என்றார்.

மச்சானுக்குக் காது கூர்மை. "நான் ஒடிச்சுப் பாக்கறது விக்கறதுக்கு. நீ மோந்து பாக்கறது எதுக்குடா?"

ஊர்ப் பெயரை முன்னால் போட்டுக்கொண்டு ஊர் ஊராக வாசித்த நாதஸ்வர மேதை நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனை இழுத்தார் மாப்பிள்ளை. அவர் வாசித்த ஆலாபனையை விடிய விடியக் கேட்டார்களே, விற்பதற்கா கேட்டார்கள்? ரசிகன் என்றால் ரசிகன்தானே? நல்ல வாதம். மச்சான் கொஞ்ச நேரம் யோசித்தார். "அவரு தோடி வாசிச்சா நாங்க கேட்டோம். ஊருக்கே கேட்டுது. நீ பெங்களூருல தனியா கேட்டுட்டு வந்து, எங்களுக்குக் கதையல்ல சொல்ற!" என்று சொல்லிவிட்டு அடுத்த விரலியை ஒடித்தார்.

மாப்பிள்ளைக்கு அதற்குமேல் ஓடவில்லை. திங்கட்கிழமை ஆபீஸ் மீட்டிங் வேறு வந்துவிட்டது, ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்து பார்த்தால் களத்தில் மஞ்சள் மட்டும் இருக்கிறது.

"அம்மா, இங்க காஞ்சது எங்க?"

"முளை கட்டுன கோதுமையா? ஏன் கண்ணு, பாப்பாவுக்குத்தானே போட்டே? ராகி, கம்பு, பொட்டுக்கடலையெல்லாம் சேத்து வறுத்து மில்லுல அரைச்சாச்சு. வாசம் ஊரைத் தூக்குது போ."

அவர் ரொம்ப நேரம் அப்படியே நின்றார். ஹார்லிக்ஸுக்கும் ஆதாரம் முளைகட்டிய வாற்கோதுமைதானே மாப்ள என்று ஆறுதல் சொல்லப் போனேன். என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

ராத்திரி அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது சத்துமாவுக் கஞ்சி வந்தது. அப்பாருவுக்கு வட்டிலில், எனக்கு டம்ளரில். மாப்பிள்ளை உள்ளே போய், பெங்களூரில் வாங்கிவந்த ஒசந்த கிளாஸைத் துடைத்து எடுத்துவந்தார். கஞ்சியைச் சாய்த்து ஊற்றினார். மேலே மெல்லிசாக ஒரு நுரை நின்றது. வெளிச்சத்தில் பிடித்தார். மூக்கை உள்ளே விட்டார். ஒரு வாய் உறிஞ்சிக் கண்ணை மூடிக்கொண்டார். அப்பாரு வட்டிலை இறக்கி வைத்துவிட்டு அவர் வாயையே பார்த்தார்.

"மால்ட் நல்லா வந்திருக்குது" என்றார் மாப்பிள்ளை கடைசியில். "கசப்புதான் கொஞ்சம் பத்தாது."

"ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கேன். ஆறறதுக்குள்ள குடி சாமி" என்றது உள்ளேயிருந்து அம்மாவின் குரல்.