ரோமர் 13-ம் ரெட்டை இலையும்

எங்களுடையது இரட்சிக்கப்பட்ட குடும்பம். ராயபுரத்தில் ஒரு பெந்தெகொஸ்தே சபை. சினிமா கிடையாது, சீட்டு கிடையாது, பொட்டு கிடையாது, நகை கிடையாது. ரெட்டை இலை மட்டும் உண்டு.

அப்பா ஞானஸ்நானம் எடுத்த வாரமே சுவரில் இருந்த சாமி படமெல்லாம் இறங்கிவிட்டது. எம்.ஜி.ஆர். படம் மட்டும் இறங்கவில்லை. வீட்டு ஜெபத்துக்கு வந்த பாஸ்டர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பிரதர், இதுவும் விக்கிரகம்தானே?" என்று மெதுவாகக் கேட்டார். "இல்ல பாஸ்டர், இவரு தலைவர்" என்றார் அப்பா. பாஸ்டர் அதற்கு மேல் பேசவில்லை. பயந்துவிட்டாரா, இல்லை அவரும் நம்ம ஆளா என்பது இன்றுவரை தெரியாது.

அந்தத் தலைவர் இறந்தது 1987 டிசம்பர் 24. மறுநாள் கிறிஸ்துமஸ். இயேசு பிறந்த நாளில் எங்கள் வீட்டில் ஒப்பாரி. அப்பா அடக்கத்துக்கு மெரினா போய்விட்டார், கேக் வெட்ட ஆளில்லை. சின்னப் பையன் நான் கேக்குக்காக அழுதேன். தலைவருக்காக அழுவதாக நினைத்துத் தெருவே மெச்சியது. நானும் திருத்தவில்லை.

பெரியப்பாவுக்குக் கையில் ரெட்டை இலை பச்சை குத்தியிருக்கும். எழுபதுகளில் குத்திக்கொண்டது. பச்சை குத்தக் கூடாது என்கிற லேவியராகமம் 19:28 எப்போது பிரசங்கத்தில் வரும் என்று சொல்ல முடியாதே. அதனால் மே மாதத்திலும் முழுக்கைச் சட்டைதான்.

ராயபுரத்துக்குப் பேர் கொடுத்ததே ராயப்பர், அதாவது பேதுரு. ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுத்து, சேவல் கூவியதும் அழுதவர். 1989 தேர்தலில் கட்சி ரெண்டாக உடைந்து, ஜெயலலிதா அணிக்குக் கிடைத்த சின்னமும் சேவல். பேதுரு சேவல் சத்தம் கேட்டு மனந்திரும்பினார். நாங்கள் சேவலுக்குக் கோஷம் போட்டோம்.

இதுவரைக்கும் காமெடிதான். 2002 அக்டோபரில் அம்மா அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மிரட்டியோ ஆசை காட்டியோ மதம் மாற்றினால் மூன்று வருஷம் ஜெயில், ஐம்பதாயிரம் அபராதம். பெண்கள், சிறுவர்கள், பட்டியலினத்தவரை மாற்றினால் நாலு வருஷம், ஒரு லட்சம். மதமாற்றச் சடங்கு நடத்துபவர் கலெக்டருக்கும் தகவல் சொல்ல வேண்டும். ஆசை காட்டி ஓட்டை மாற்றுவது பற்றி மட்டும் அதில் ஒரு வரி கிடையாது.

சிறுபான்மைப் பள்ளி, கல்லூரிகளை ஒரு நாள் மூடிப் போராடினார்கள். சபையில் உபவாச ஜெபம். "ஆள்கிறவர்களின் மனசை மாற்றும் ஆண்டவரே" என்று பாஸ்டர் கதறினார். நானும் ஓங்கி 'ஆமென்' சொன்னேன். ஆள்கிறவர் பேரைச் சொல்லாமல் ஜெபிக்கிறாரே என்று உள்ளுக்குள் நிம்மதி.

வீட்டுக்கு வந்ததும் ரோமர் 13-ஐத் திறந்தேன். எந்த அதிகாரமும் ஆண்டவர் ஏற்படுத்தியதே, கீழ்ப்படி என்று பவுல் சொல்லும் பகுதி. இதற்கு முந்தைய கலைஞர் ஆட்சியில் நான் அதைத் திறந்ததே இல்லை. அப்போதெல்லாம் அப்போஸ்தலர் 5:29-தான், அதாவது மனுஷனுக்கு முன்னால் தேவனுக்குக் கீழ்ப்படி. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை என் பைபிளில் மனந்திரும்பியது புக்மார்க் மட்டும்தான்.

அடுத்து 2004 எம்.பி. தேர்தல். கூட்டணியில் வடசென்னை பி.ஜே.பி.க்குப் போனது. வேட்பாளர் சுகுமாரன் நம்பியார். ஆமாம், எம்.என். நம்பியாரின் மகன். படத்துக்குப் படம் தலைவரிடம் அடி வாங்கிய அதே நம்பியார்! அந்தச் சட்டத்தைக்கூட ஜீரணித்துவிட்ட அப்பாவுக்கு இது இறங்கவில்லை.

சமாதானம் பேச வட்டத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். "சினிமாவுலதாண்ணே வில்லன். நிஜத்துல தங்கமான மனுஷன், வருஷா வருஷம் சபரிமலை போறவரு." பெந்தெகொஸ்தேக்காரனிடம் சபரிமலையைச் சொல்லி ஓட்டு கேட்டது உலகத்திலேயே அந்த ஒரு வீட்டில்தான் நடந்திருக்கும். அப்பா சமாதானமும் ஆகிவிட்டார்.

நானும் போய் அழுத்தினேன், தாமரையை. கட்சி விசுவாசம் என்று அதற்குப் பேர் வைத்துக்கொண்டேன்.

தி.மு.க.வின் சி. குப்புசாமி ஜெயித்தார். தமிழ்நாட்டில் 39 தொகுதியும் தி.மு.க. கூட்டணிக்குப் போச்சு. அந்த மே மாதமே அம்மா அந்தச் சட்டத்தை வாபஸ் வாங்குவதாக அறிவித்தார். சபையில் ஒவ்வொருவராக எழுந்து, ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது என்று சாட்சி சொன்னார்கள். நானும் கை தட்டினேன். அந்தப் பதில் வந்த வழியில் என் ஓட்டு குறுக்கே படுத்திருந்த விஷயத்தை ஆண்டவரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

என் மச்சான் திருவொற்றியூர், வேலை எண்ணூரில். பெரியார் வழிவந்த கட்சிக்கு அல்லேலூயா சொல்லி ஓட்டுப் போடுகிறவர். "உங்க ஆளுங்க 1999-லேர்ந்து வாஜ்பாய் மடியிலதான மச்சான் இருந்தாங்க?" என்று மடக்கினால் ஏசாயா 45-ஐத் திறப்பார். "கோரேசு ராஜா மட்டும் ஆண்டவரை அறிஞ்சவனா? அவனை அவர் யூஸ் பண்ணலையா?" மேலும் மடக்கினால் பேராயர் எஸ்றா சற்குணம் வருவார். இந்திய சுவிசேஷத் திருச்சபையின் பேராயராக இருந்து 2024-ல் மறைந்தவர், தி.மு.க. ஆதரவை மறைக்காதவர். "பேராயரே அந்தப் பக்கம்டா!" எனக்குக் கோபத்தைவிடப் பொறாமைதான். எங்கள் பக்கம் அந்த சைஸில் ஒரு பேராயர் இல்லை.

அமெரிக்காவில் டிரம்ப் வந்தபோது, அங்குள்ள ஊழியக்காரர்களும் அதே கோரேசைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வெள்ளைக்கார சுவிசேஷ விசுவாசிகளில் பத்துக்கு எட்டுப் பேர் அவருக்கே போட்டார்கள். 2024-ல் அவர் பைபிளுக்கே விளம்பரம் செய்தார், விலை 59.99 டாலர். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மச்சான் சிரிக்காமல், "2014-ல நீ என்ன பண்ண?" என்றார்.

சொல்லிவிடுகிறேன். அந்த செப்டம்பர் 27 அன்று பெங்களூர் கோர்ட்டில் அம்மாவுக்கு நாலு வருஷம் ஜெயில், நூறு கோடி அபராதம். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 'சிறைப்பட்ட ஒரு தாயின் விடுதலைக்காக' என்று சபையில் ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். எல்லாரும் உருகி ஜெபித்தார்கள். கடைசியில் ஒரு பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "யாருப்பா அது பாவம், நம்ம காசிமேடு சிஸ்டரா?"

என் மனசில் ஓடியது அப்போஸ்தலர் 12. பேதுரு ஜெயிலில், சபை விடாமல் ஜெபிக்கிறது, தேவதூதன் வந்து கூட்டிக்கொண்டு போகிறான். எங்களுக்கும் அக்டோபர் 17-ல் ஜாமீன் கிடைத்தது. தேவதூதனுக்குப் பதில் ஃபாலி நாரிமன் வந்திருந்தார். பேதுரு மேல் சொத்துக் குவிப்பு வழக்கு இல்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

2023-ல் மணிப்பூருக்கான போராட்டத்தில், தி.மு.க.வுக்கு ஓட்டுப் போட்டு கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சாத்தானின் பிள்ளைகளாகிவிட்டார்கள் என்ற அர்த்தத்தில் சீமான் பேசினார். மச்சான் தொகுதியில் 2021-ல் நின்று மூன்றாவது வந்தவர். மச்சான் கொதிக்க, எனக்குக் குஷி. நான்தான் அந்த லிஸ்டில் இல்லையே! அப்புறம்தான் மணிப்பூரில் எரிந்தது சர்ச்சுகள் என்பதும், அங்கே ஆட்சி தாமரை என்பதும் உறைத்தது. லிஸ்டைப் பற்றி அதற்கப்புறம் நான் வாய் திறக்கவில்லை.

2021-ல் ராயபுரமே கையை விட்டுப் போனது. 2001 முதல் விடாமல் ஜெயித்த ஜெயக்குமார் தோற்றார். 2023 செப்டம்பரில் கட்சி பி.ஜே.பி.யை விட்டு விலகியது. நான் எழுந்து, நுகம் முறிந்தது என்று சாட்சி சொல்லி, ஸ்தோத்திரக் காணிக்கையும் போட்டேன். 2025 ஏப்ரலில் மறுபடி கூட்டணி. போட்ட காணிக்கையைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் எங்கள் சபையில் இல்லை.

உங்களில் யாராவது சொந்தக் கட்சி தோற்ற பிறகும் ரோமர் 13 வாசித்திருக்கிறீர்களா? ஜெயித்த பிறகு அப்போஸ்தலர் 5:29? அப்படி ஒருவர் இருந்தால் தகவல் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன். மச்சானையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், அவருக்குத்தான் ரொம்பத் தேவை.