அரைப்பேர் போட்ட அமெரிக்கா

தேயிலையைக் கடலில் கொட்டி ஒரு நாடு பிறந்தது என்று பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் போய்ச் சொன்னால், "கொழுந்து எடுத்தவளுக்குப் பேர் விழுந்ததா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1773 டிசம்பரில் பொஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டிகளைக் கொட்டினார்கள். பதற வேண்டாம், அது சீனத் தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட இன்னும் 94 வருடம் கிடந்தது.

எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லாத லண்டன் பார்லிமெந்து எங்களிடம் எப்படி வரி வாங்கலாம் என்பது அவர்கள் வழக்கு. சண்டை பிடித்து வென்றார்கள். பிறகு 1787இல் பிலடெல்பியாவில் கூடினார்கள். பழைய சாசனத்தில் நாலு திருத்தம் செய்து வாருங்கள் என்றுதான் சொல்லி அனுப்பியது. ஐயாமார் அதை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாகவே எழுதத் தொடங்கினார்கள். பேச்சு வெளியே போகக்கூடாதென்று கோடைக்காலத்தில் ஜன்னலைச் சாத்தி, வாசலில் காவலும் போட்டார்கள். 81 வயதான பெஞ்சமின் பிராங்கிளினும் அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை. புத்திசாலிகள்.

வேடிக்கை எண்ணிக்கையில் வந்தது. தெற்கே தோட்டமும் அடிமைகளும் வைத்திருந்த துரைமார், "எங்கள் அடிமைகளையும் எண்ணி அதற்கேற்ப ஆசனம் கொடு" என்றார்கள். அவர்களுக்கு வாக்கு? அந்தப் பேச்சே இல்லை. வடக்கத்தியார், "விற்கும்போது சாமான், ஆசனம் கேட்கும்போது மட்டும் மனிதரா?" என்று மடக்கினார்கள். கடைசியில் ஓர் அடிமை ஐந்தில் மூன்று ஆள் என்று முடிவானது.

நம் தோட்டத்தில் கொழுந்து நிறை குறைந்தால் கணக்கப்பிள்ளை செக்ரோலில் அரைப்பேர் போடுவார். வயிறெரிந்தாலும் அந்த அரை நாட் சம்பளம் எடுத்தவள் கைக்குத்தான் வரும். பிலடெல்பியாவில் விழுந்த ஐந்தில் மூன்று பேரோ நேரே துரையின் கணக்குக்குப் போனது. "மக்களாகிய நாம்" என்று தொடங்கும் அந்தத் தாளில் 39 பேர் கையெழுத்திட்டார்கள். அதில் 'அடிமை' என்ற சொல்லை மட்டும் தேடினாலும் காணமாட்டீர்கள். வெட்கம் இருந்திருக்கிறது.

இனி நம் கதை. 1931இல் டொனமூர் ஆணைக்குழுவின் புண்ணியத்தில் சர்வஜன வாக்குரிமை வந்தது. அடுத்து, பேராசிரியர் ஐவர் ஜெனிங்ஸ் டி. எஸ். சேனநாயக்கவுக்குச் சட்ட வரைவு எழுதிக் கொடுக்க, சோல்பரி பிரபு அதை ஏறக்குறைய அப்படியே ஏற்றுக்கொண்டார். 75,000 தலைக்கு ஓர் ஆசனம் என்பது கணக்கு. தோட்டத்துத் தலைகளும் அதில் சேர்த்தி. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸுக்கு ஏழு ஆசனங்கள். பதுளையில் எஸ். எம். சுப்பையா, தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, நுவரெலியாவில் தொண்டமான். போதாக்குறைக்கு, மற்ற இடங்களில் தோட்டத்து வாக்கு இடதுசாரிகளுக்கு விழுந்தது.

கொழும்புக்குக் காய்ச்சல் கண்டது. 1948 பெப்ரவரியில் சுதந்திரம்; வருடம் முடியுமுன்னே பிரஜாவுரிமைச் சட்டம். உன் அப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான், பத்திரம் காட்டு. சட்டம் போட்ட ஐயாமாரிலேயே எத்தனை பேர் பாட்டனின் பத்திரத்தைக் காட்டியிருப்பார்களோ! 1949இல் வாக்கும் போனது. 1952 தேர்தலில் தொகுதிகள் அப்படியே இருந்தன, அவற்றை உண்டாக்கிய தலைகளும் லயத்தில் அப்படியே இருந்தன, வாக்காளர் இடாப்பில்தான் பெயர் இல்லை. ஏழு ஆசனம் பூச்சியமானது. அமெரிக்கத் துரைமார் ஐந்தில் மூன்றோடு நின்றார்கள். நம்மவர் முழுப்பேர் போட்டு எண்ணி, வாக்கை முழுசாகப் பறித்தார்கள். கணக்கில் நாம்தான் கெட்டிக்காரர்.

சோல்பரி சாசனத்தில் சிறுபான்மையைக் காக்கும் 29ஆம் பிரிவு இருந்ததே என்பீர்கள். கோடக்கன்பிள்ளை அதை நம்பித்தான் வழக்குப் போட்டார். தன் பிரஜைகள் யாரென்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் உரிமை என்று 1953இல் லண்டன் பிரிவிக் கவுன்சில் கையை விரித்தது. தேநீர் குடித்துக்கொண்டே எழுதியிருப்பார்கள்.

அமெரிக்காவில் ஐந்தில் மூன்று கணக்கு 1868இல் ஒழிந்தது. இங்கே தொண்டமான் மறுபடி தேர்தலில் வெல்ல 1977 ஆனது. மிச்சம் கிடந்த பிரஜாவுரிமைப் பிரச்சினைக்குச் சட்டம் வர 2003. ஆகவே, கிராம சேவகர் படிவத்தோடு லயத்துக்கு வரும்போது கொழுந்து மலையில் இருக்கிறேன் என்று விட்டுவிடாதீர்கள். இடாப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிடுங்கள்.