ஒளிச்சு வை தாயி, தேடித் திம்பான்

உம் மகன் காலையில சாப்பிட மாட்டேங்கான்னு தெருவெல்லாம் சொல்லி அழுதியாமே தாயி. அழாத. நீ சரியாத்தான் வளக்கே. கண்ணு தொறக்கும் முந்தி வாயைத் தொறக்கச் சொல்லி, ஒரு கையில இட்லித் தட்டு, இன்னொரு கையில செல்போனுன்னு வீட்டுக்கும் வாசலுக்கும் அவன் பின்னாலயே நடக்கியே, அந்த நடைக்கு உனக்கு ஒரு சீக்கும் அண்டாது. பிள்ளை உடம்பு எப்படிப் போனா என்ன, தாய் உடம்பு தேறுது பாரு, அதுல எனக்குச் சந்தோசம்.

நீ கெஞ்சுத அழகையும் திண்ணையில இருந்து கேக்கேன். ராஜா, தங்கம், ஒரே ஒரு வாய்டா, அம்மாவுக்காகடா. எங்க ஆத்தா என்கிட்ட கெஞ்சினதா ஞாபகமே இல்ல. கம்மங்கூழு பானையில இருக்கும். மோர் ஊத்தி, வெங்காயத்தைக் கடிச்சுக்கிட்டு குடிச்சா உண்டு. குடிக்கலேன்னா எருமைக்கன்னுக்கு ஊத்திருவா. எருமைக்கன்னுக்கு விட்டுக்குடுக்க எவனுக்கு மனசு வரும்? பானையைக் கழுவி வச்சமாதிரி குடிச்சிட்டுத்தான் ஓடுவோம்.

எனக்கென்ன தெரியும், நான் கெழடு. டீக்கடையில பேப்பர் படிக்கேன், நாலு பேரு பேசுததக் கேக்கேன், அம்புட்டுத்தான். ஆனா போன வாரம் உம் புருசன் ஒரு அட்டைப்பெட்டி வாங்கிட்டு வந்தானே, பாலு ஊத்தித் திங்குத பண்டம், அதைப் பாத்ததுல இருந்து எனக்கு ஒரு யோசனை. நம்ம கரிசக்காட்டு மக்காச்சோளம் மூட்டை மூட்டையா லாரி ஏறிக் கோழித் தீவனத்துக்குப் போகுது. அதே மக்காச்சோளம் அப்பளமா நசுங்கி, சீனி பூசி, அட்டைச் சட்டை மாட்டிக்கிட்டு வந்தா உம் பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு. கோழியாவது தின்னதுக்கு ஒரு முட்டை போடுது.

பால்ல கலக்குத பொடியைப் பத்திச் சொல்லவே வேண்டாம். குடிச்சா உசரமா வளருவான்னு டிவியில ஒரு பையன் குதிக்கான். நம்ம பையன் அதைப் பாத்துக்கிட்டு உக்காந்தே இருக்கான். 2024 ஏப்ரல்ல டெல்லியில இருந்தே ஒரு தாக்கல் வந்துச்சு. ஆன்லைன் கடைக்காரங்க இந்தப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்'ங்கிற வரிசையில வச்சு விக்கக்கூடாது, நம்ம உணவுச் சட்டத்துல அப்படி ஒரு வகையே கெடையாதுன்னு. உங்க வீட்டு அலமாரிக்கு அந்தத் தாக்கல் இன்னும் வந்து சேரல போல. டப்பாவைத் திருப்பிப் பாரு தாயி. முன்பக்கம் சிங்கம் புலியெல்லாம் நிக்கும். பின்பக்கம் பொடி எழுத்துல சீனி எம்புட்டுன்னு போட்டிருப்பான். முன்பக்கம் உம் மகனுக்கு, பின்பக்கம் உனக்கு.

இன்னொரு வேடிக்கை. பக்கத்துத் தெரு முனியம்மா பேரன் அரசாங்கப் பள்ளிக்கொடத்துல மூணாப்பு படிக்கான். காலையில அங்கன போனதும் சுடச்சுட உப்புமா, இல்ல கிச்சடி, இல்ல பொங்கல், காய்கறி போட்ட சாம்பாரு. இந்தக் காலைச் சாப்பாட்டுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ந் தேதி மதுரையில ஆரம்பிச்சது, ஒண்ணாப்புல இருந்து அஞ்சாப்பு வரைக்கும். நம்ம பக்கத்துக்கு இது புதுசும் இல்ல. 1956லயே இந்தா இருக்க எட்டயபுரத்துல காமராசர் மதியச் சோறு போட ஆரம்பிச்சாரு. எம்ஜியார் 1982ல அதைச் சத்துணவாக்கினாரு. 1989ல கலைஞர் முட்டையும் வச்சாரு. பசிச்ச வயித்துல பாடம் ஏறாதுன்னு ஆளுக்காளு ஒத்துக்கிட்ட ஒரே சங்கதி இதுதான். நீ பணத்தை வாரிக் கட்டிப் படிக்க வைக்குத பிள்ளை, வேன்ல சன்னலோரம் உக்காந்து கிரீம் பிஸ்கட்டைப் பிரிச்சு, நடுவுல உள்ளதை நக்கிட்டு, மிச்சத்தை ரோட்டுல போடுதான். முனியம்மா பேரன் உப்புமா தின்ன தெம்புல மரத்துல தொங்குதான். யாரு பணக்காரன்னு நீயே சொல்லு.

சரி, கேலி போதும். பிள்ளைக்கு ஏன் காலையில பசிக்கல, அதைக் கேட்டியா? ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் தின்னுட்டு, அது செரிக்கும் முந்தி ஆறரைக்கு வேன் வந்து ஹாரன் அடிச்சா எப்படிப் பசிக்கும்? ராத்திரிச் சாப்பாட்டை ஏழு ஏழரைக்கு முடி. பத்துக்குள்ள வெளக்கை அணை. ரெண்டு மூணு நாளு கழிச்சு அவனே அடுப்படிக்கு வந்து என்ன இருக்குன்னு எட்டிப் பாக்கானா இல்லியான்னு பாரு. இதுக்கு எந்தப் பொடியும் வேண்டாம். உம் புருசன் சீக்கிரம் வீட்டுக்கு வரணும், அதுதான் கஷ்டம்.

இனி ரகசியத்துக்கு வாரேன். காதைக் குடு. கெஞ்சி ஊட்டுத பண்டத்தை எந்தப் பிள்ளையும் மதிக்காது. தொடாதன்னு சொன்னதைத்தான் தொடும். எங்க வீட்டுல பரண்மேல ஒரு தகர டின்னு இருக்கு. அதுக்குள்ள கடலை உருண்டை. பேரன் காதுல விழுதமாதிரி கிழவிகிட்ட சத்தமாச் சொல்லுவேன்: ஏ, அந்த டின்னை யாரும் தொடப்படாது, அது எனக்கு மட்டும், பல்லு ஆடுதவன் திங்குத பண்டம். சாயங்காலம் ஸ்டூலு நகருத சத்தம் கேக்கும். நான் குறட்டை விட்டுக்கிட்டே இருப்பேன். எண்ணி வச்ச உருண்டையில குறையுதது எனக்குத்தான் தெரியும். திருடித் தின்ன கடலைக்கு இருக்குத ருசி தட்டுல வச்ச கடலைக்குக் கெடையாது. டின்னை மட்டும் எட்டாத எடத்துல வச்சிராத, விழுந்து கையை ஒடிச்சுக்குவான். எட்டிப்பிடிக்குத உயரத்துல ஒளிச்சு வை.

அந்த உருண்டையைக் கடையில வாங்கலாம். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020லயே புவிசார் குறியீடு குடுத்துட்டாக, அதுக்கு மேல என்ன நற்சாட்சி வேணும். ஆனா வீட்டுல செய்யுததுல ஒரு லாபம் இருக்கு, சொல்லுதேன். நிலக்கடலையை வெறும் சட்டியில தீயைக் குறைச்சு வறு. ஆறவிட்டுச் சொளவுல போட்டுக் கசக்கு. தோலை ஊதுத வேலையைப் பிள்ளைகிட்ட விடு. வீடெல்லாம் தோலு பறக்கும், பறக்கட்டும், அவனையே கூட்டச் சொல்லு. ரெண்டு பங்கு கடலைக்கு ஒரு பங்கு வெல்லம். முங்குத தண்ணியில கரைச்சு வடிகட்டு, அடியில மண்ணு இருக்கும். திரும்ப அடுப்புல ஏத்திக் காய்ச்சு. பாகு நுரைச்சு வருதப்போ கிண்ணத்துத் தண்ணியில ஒரு சொட்டு விடச் சொல்லு. கரைஞ்சா இன்னும் காயணும். மெத்துனு உருண்டு வந்தாலும் பத்தாது. உருட்டித் தட்டுல போட்டா 'டங்'குனு கேக்கணும். அந்தச் சத்தத்துக்காகத்தான் பிள்ளையைப் பக்கத்துல உக்கார வைக்கச் சொல்லுதேன். கேட்ட நிமிசமே கடலையைக் கொட்டிக் கிண்டி, ஒரு சிட்டிகை சுக்குப்பொடி போட்டு, கையில அரிசிமாவு தொட்டுக்கிட்டு சூட்டோட பிடி. ஆறிட்டா பெறகு சுத்தியல்தான் வேணும். பாகு வேலை உன்னுது, ஊதுததும் உருட்டுதத எண்ணுததும் அவனுது. கையைச் சுட்டுக்கிடாம பாத்துக்கோ.

நூறு கிராம் கடலையில 25 கிராம் போல புரதம். அதுக்காக அவன் பாட்டுக்கு அள்ளிட்டுப் போக விடாத. வெல்லமும் இனிப்புதான், பல்லுக்குச் சீனியும் ஒண்ணுதான் வெல்லமும் ஒண்ணுதான். நாளைக்கு ஒண்ணு, ரொம்பத் திருடினா ரெண்டு, வாய் கொப்பளிச்சிரணும். வீட்டுல நாலு வயசு நிறையாத குட்டி இருந்தா முழுக்கடலை குடுக்காத, புரையேறிரும்.

அடுத்தது பணியாரம். மூணாம் நாளு இட்லிமாவு புளிச்சுப் போச்சுன்னு நீ கீழ ஊத்துதது எனக்குத் தெரியும், சாக்கடையில மணக்குது. அந்த மாவுல ரெண்டு கை கேப்பை மாவைப் போட்டுக் கலக்கு. சின்ன வெங்காயத்தைப் பொடியா அரிஞ்சு, கடுகு உளுந்தம்பருப்போட வதக்கு. முருங்கைக்கீரையை உருவி, காம்பு ஒண்ணு இல்லாம பொறுக்கிட்டு, அதையும் வதக்கிக் கொட்டு. காம்பு ஒண்ணு பல்லுல சிக்கினா அன்னையோட பிள்ளைக்கும் கீரைக்கும் உறவு அத்துப் போகும். பணியாரச் சட்டியில குழிக்கு அரைக்கரண்டி நல்லெண்ணெய், முக்கால் குழி மாவு, மூடி போட்டு வேகவிட்டு, கம்பியால ஒரு குத்து, ஒரு திருப்பு. அந்தத் திருப்புத வேலை இருக்கு பாரு, அதுக்குப் பிள்ளைக சண்டை போடும். தான் திருப்பின பணியாரத்தை எவனும் மிச்சம் வைக்க மாட்டான். டப்பாவுல வச்சா மத்தியானம் வரைக்கும் கெடாது, கையில ஒட்டாது, பெஞ்சுல பக்கத்துப் பிள்ளைக்கும் ரெண்டு குடுக்கலாம். அதனால எப்பவும் நாலு சேத்து வை. பிடுங்கித் தின்ன ஆளு இருந்தாத்தான் வேகமாத் திம்பான்.

கேப்பையைக் கறுப்பா இருக்குன்னு தள்ளினவுக இப்ப அதையே மில்லட்டுன்னு சொல்லி, பெங்களூர்ல இருந்து கூரியர்ல குக்கீஸா வரவழைக்கீக. 2023ஐ ஐநா சபையே சிறுதானிய ஆண்டுன்னு கொண்டாடிருச்சாம். உங்க மாமியா பத்து வருசமா அடுப்படியில அதைக் கிண்டிக்கிட்டுத்தான் இருந்தா, அப்ப யாரும் கொண்டாடல. நூறு கிராம் கேப்பையில 300 மில்லிகிராமுக்கு மேல சுண்ணாம்புச்சத்து. பசும்பால்ல நூறு மில்லிக்கு 120தான். பால் வேண்டாங்கல. மாட்டை வச்சிருக்கவன் நான், வேண்டாம்னு சொல்லுவேனா. கேப்பையை மொளைகட்டி அரைச்சா அந்தச் சத்து இன்னுங் கொஞ்சம் நல்லா ஒட்டும். இன்னொண்ணு, கீரைப் பணியாரத்தைக் குடுத்துட்டுக் கூடவே ஒரு டம்ளர் டீயும் குடுக்காத. கீரையில உள்ள இரும்புச்சத்தை டீ ஒட்டவிடாது. ஒரு நெல்லிக்காயோ, எலுமிச்சையோ, கொய்யாத் துண்டோ குடு, இரும்பை அது சேத்து இழுத்துக்கும்.

சனி ஞாயிறுன்னா பிடிகொழுக்கட்டை. அரிசி ரவையைத் தாளிச்சுக் கிண்டி, பிள்ளைகளைச் சுத்தி உக்கார வச்சுப் பிடிக்கச் சொல்லு. அவுக விரல் தடம் அதுல அச்சா விழும். வெந்து வந்ததும் இது என்னுது, அது உன்னுதுன்னு விரலை வச்சு வச்சுப் பாத்து எடுப்பாக. பண்டம் என்னங்கிறதே மறந்து போகும். தை மாசம் பனங்கிழங்கு, சீனிக்கிழங்கு. பச்சைக்கடலை வந்தா உப்புப் போட்டுத் தோலோட அவிச்சுக் குவிச்சு வச்சிட்டு நீ உன் சோலியைப் பாரு. உரிக்குத வேலை இருக்குத வரைக்கும் டிவி தானா மறந்துரும்.

பள்ளிக்கொட வாசலைப் பத்தி ஒரு சொல்லு. கொழுப்பும் உப்பும் சீனியும் கூடுதலா உள்ள பண்டத்தைப் பள்ளிக்கொடத்துக்குள்ளயும், வாசல்ல இருந்து அம்பது மீட்டருக்குள்ளயும் விக்கக்கூடாதுன்னு 2020லயே விதி போட்டாச்சு. நான் போய்ப் பாத்தேன். நம்ம கடைக்காரன் கெட்டிக்காரன், அளந்து அம்பத்தோராவது மீட்டர்ல நிக்கான். அவனைக் குத்தம் சொல்லுததுல அர்த்தமில்ல. உங்க வீட்டு வாசல்ல இருந்து சமையக்கட்டு பத்து மீட்டர் இருக்குமா? அங்கன எந்த விதியும் கெடையாது, சிப்ஸு பொட்டலம் கொத்துக் கொத்தாத் தொங்குது. அதைத்தான் முதல்ல காலி பண்ணனும். நான் சாத்தூர் சேவு திங்கவே கூடாதுன்னு சொல்லுத ஆளு இல்ல. கோயில் கொடைக்கு, சந்தைக்குப் போனா வாங்கிக் குடு, அன்னிக்கு நானும் திம்பேன். நெதமும் தின்னா அதுக்கு என்ன மரியாதை?

மாப்பிள்ளை, நீரும் கேளும். சாயங்காலம் வருதப்போ பைக்குள்ள பிஸ்கட்டு பாக்கெட்டு வச்சுக்கிட்டு வந்து, அப்பாதான் நல்லவருன்னு பேரு வாங்குதீரே, அது போதும். ஒரு சீப்பு நாட்டு வாழைப்பழமோ, ரெண்டு கொய்யாக்காயோ வாங்கிட்டு வாரும். அதைக் கண்டாலும் பிள்ளை ஓடி வரும். பை கனமா இருந்தாப் போதும் அதுக்கு.

தாயி, இன்னிக்கு ராத்திரி படுக்குததுக்கு முந்தி ரெண்டு ஆழாக்கு தட்டப்பயித்தை ஊறப்போட்டுரு. காலையில அவிச்சு, கடுகு கறிவேப்பிலை தாளிச்சு, எலுமிச்சை பிழி. மத்தியானத்துக்குக் கட்டுததா இருந்தா தேங்காய் போடாத, ஊசிப் போகும். டப்பாவுல அவனுக்கு ஒரு பங்கு, மிச்சத்தை உறியில மாட்டி, இது தாத்தாவுக்கு மட்டும், யாரும் தொடப்படாதுன்னு சத்தமாச் சொல்லிரு. சொன்னபடி எனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வை, நான் பல்லு போனவன், பயறு நல்லா வேகணும்.